எம்டன்: 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் நடந்தது என்ன? ஒரு ஜெர்மன் கப்பல் தமிழ்ச் சொல்லாக மாறிய கதை

"அவனை லேசுல எடை போடாதீங்க, அவன் சரியான எம்டன்!"

தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். யாரிடமும் பிடிபடாத, நினைத்ததைச் சாதித்துவிட்டுப் போகிற கில்லாடியைத்தான் தமிழில் 'எம்டன்' என்பார்கள். கண்டிப்பான அப்பாக்களுக்கும் இந்தப் பட்டம் உண்டு. 2006-ல் வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'. பிறகுதான் அது 'எம் மகன்' ஆனது.

ஆனால் எம்டன் என்பது தமிழ்ச் சொல் இல்லை. அது ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். அந்த நகரத்தின் பெயரைத் தாங்கிய ஒரு போர்க்கப்பல், நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவில் சென்னைக் கடற்கரைக்கு வந்தது. சில நிமிடங்கள் குண்டு மழை பொழிந்துவிட்டுக் காணாமல் போனது.

அந்த இரவில் என்ன நடந்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? ஜெர்மனிக்கு சென்னை மீது என்ன கோபம்? கப்பலில் ஒரு தமிழர் இருந்தார் என்று சொல்வது உண்மையா? விரிவாகப் பார்க்கலாம்.

சென்னைக்கு வருவதற்கு முன்

1914 ஆகஸ்ட் 4-ம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால், இங்கிருந்தவர்களிடம் யாரும் கேட்காமலேயே இந்தியாவும் போரில் சேர்ந்துவிட்டது. ஆனால் சண்டை நடந்தது என்னவோ ஐரோப்பாவில். மெட்ராஸ்காரர்களுக்கு அது பேப்பரில் படிக்கும் செய்தி, அவ்வளவுதான்.

அப்போது சீனாவின் சிங்தாவ் துறைமுகம் ஜெர்மனியின் கையில் இருந்தது. ஜெர்மனியின் கிழக்கு ஆசியக் கடற்படைக்கு அதுதான் தளம். எம்டனும் அந்தப் படையைச் சேர்ந்த கப்பல். 1908-ல் கடலில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 118 மீட்டர், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் 10. அன்றைய கணக்கில் இது பெரிய கப்பல் ஒன்றும் இல்லை, நடுத்தரமான குரூசர்தான். அதன் கேப்டன் கார்ல் வான் முல்லர்.

போர் தொடங்கியதும் அந்தப் படையின் மற்ற கப்பல்கள் பசிபிக் கடலைத் தாண்டி தென் அமெரிக்கா பக்கம் போக முடிவெடுத்தன. முல்லர் மட்டும் ஒரு யோசனை சொன்னார். ஒரு கப்பலைத் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினால், பிரிட்டனின் வணிகக் கப்பல்களை நிலைகுலைய வைக்கலாம் என்பதே அது. தளபதி ஒப்புக்கொண்டார். நிலக்கரி சுமந்து வந்த ஒரே ஒரு துணைக் கப்பலுடன் எம்டன் புறப்பட்டது.

வழியில் ஒரு தந்திரமும் செய்தார்கள். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். துணியையும் மரத்தையும் வைத்து நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைச் செய்து மாட்டினார்கள். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது நான்கு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரியும்.

வங்கக் கடலில் வேட்டை

செப்டம்பர் 10-ம் தேதி முதல் வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. அடுத்த சில நாட்களில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. ஒன்றில் தேயிலை, இன்னொன்றில் நிலக்கரி, வேறொன்றில் மோட்டார் கார்களும் ரயில் என்ஜின்களும்.

முல்லர் ஒரு முறையைக் கடைப்பிடித்தார். முதலில் கப்பலை நிறுத்துவது, அதில் இருப்பவர்களைப் பத்திரமாக இறக்குவது, அதன் பிறகே கப்பலை மூழ்கடிப்பது. பிடிபட்டவர்களை ஒரு கப்பலில் மொத்தமாக ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பியும் வைத்தார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கண்ணியமானவர் என்று எழுதின.

ஒரு இத்தாலியக் கப்பல் மூலம் விஷயம் பிரிட்டிஷாருக்குத் தெரிய வந்ததும், வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்து முடங்கியது. சரக்குகள் துறைமுகங்களில் தேங்கின. கப்பல் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. பிரிட்டிஷ் கப்பல்களோடு ஜப்பானியக் கப்பல்களும் சேர்ந்து எம்டனைத் தேடின. ஆனால் பிடிபடவில்லை.

அடுத்து எம்டன் எங்கே போகும் என்று எல்லோரும் குழம்பிக் கொண்டிருந்தபோது, முல்லர் மெட்ராஸைக் குறிவைத்தார்.

அந்த செவ்வாய்க்கிழமை இரவு

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. புரட்டாசி மாதம், நவராத்திரி நாட்கள். அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன, அதனால் கடல் இருட்டாகவே இருந்தது.

ஆனால் நகரம் இருட்டாக இல்லை. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் மெட்ராஸில் விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில்தான் அப்போது கலங்கரை விளக்கம் இருந்தது. வழக்கம்போல அதுவும் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக் கப்பலுக்கு வழி காட்டியது மெட்ராஸின் சொந்த விளக்குதான்.

இரவு 9.30 மணி வாக்கில், கரையில் இருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் எம்டன் வந்து நின்றது. சர்ச் லைட்டுகளைப் போட்டு கரையைத் துழாவியது. துறைமுகத்தை ஒட்டி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் வரிசையாக நின்றன. வெளிச்சம் அவற்றின் மீது விழுந்ததும் பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கின.

அடுத்த சில நிமிடங்களில் சுமார் 125 குண்டுகள் பாய்ந்தன. இரண்டு டேங்குகள் தீப்பிடித்து எரிந்தன. மூன்று லட்சம் கேலனுக்கும் அதிகமான எண்ணெய் நாசமானது. அதில் பெரும்பகுதி மண்ணெண்ணெய். மெட்ராஸ் பாஷையில் சொன்னால் 'கிருஷ்ணாயில்'. பெரும்பாலான வீடுகளில் இரவு விளக்கு எரிந்தது அதை நம்பித்தான்.

சில குண்டுகள் டேங்குகளைத் தாண்டிப் போய் விழுந்தன. உயர் நீதிமன்ற வளாகத்தின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதி சேதமானது. துறைமுகத்தில் நின்றிருந்த 'சுப்ரா' என்ற வணிகக் கப்பலிலும் குண்டு பாய்ந்தது.

கரையில் இருந்த பிரிட்டிஷ் பீரங்கிகள் திருப்பிச் சுட்டன. எம்டன் மீது ஒரு குண்டுகூடப் படவில்லை. அதற்குள் எம்டன் சர்ச் லைட்டை அணைத்துவிட்டு நகரத் தொடங்கியிருந்தது.

போகும்போதும் ஒரு தந்திரம். விளக்குகள் தெரியும்படி வடக்குப் பக்கம் போவது போலப் போக்குக் காட்டி, பிறகு விளக்குகளை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பியது. பின்னால் டேங்குகள் எரிந்த வெளிச்சம் வெகுதூரம் வரை கடலில் தெரிந்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தத் தாக்குதலில் குறைந்தது 5 பேர் இறந்தனர், மேலும் பலர் காயமடைந்தனர். 'சுப்ரா' கப்பலில் பயிற்சியில் இருந்த ஓர் இளைஞரும் இறந்தவர்களில் ஒருவர்.

பெரும் போரின் கணக்கில் இது சின்ன எண்ணிக்கைதான். ஐரோப்பாவில் அதே வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் வீரர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். அதனாலேயே எம்டன் கதையைச் சொல்கிறபோது இந்த ஐந்து பேரைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேப்டனின் சாமர்த்தியம் பேசப்படுகிறது, கப்பலின் தந்திரம் பேசப்படுகிறது. துறைமுகத்தில் ராத்திரி வேலையில் இருந்தவர்களுக்கு இந்தப் போரில் எந்தப் பங்கும் இல்லை என்பது பேசப்படுவதில்லை.

குறி எண்ணெய் டேங்க் மட்டும்தானா?

இல்லை. இதுதான் இந்த இரவின் முக்கியமான விஷயம்.

இரண்டு டேங்க் எண்ணெய் எரிந்ததால் பிரிட்டிஷ் பேரரசு ஆட்டம் கண்டுவிடாது. அது முல்லருக்கும் தெரியும். இந்தத் தாக்குதலை ஒரு செயல்விளக்கமாகவே திட்டமிட்டதாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். இந்திய மக்களின் கவனத்தைத் திருப்ப வேண்டும், பிரிட்டிஷ் வணிகத்தைக் குலைக்க வேண்டும், பிரிட்டனின் கௌரவத்தைக் குறைக்க வேண்டும். இந்த மூன்றும்தான் அவருடைய நோக்கம்.

'கடலை ஆள்வது பிரிட்டன்' என்பது அன்று கேள்வி கேட்கப்படாத உண்மை. அந்தக் கடற்படை காவல் காக்கும் கடலில், அந்த ஆட்சியின் பெரிய நகரங்களில் ஒன்றின் வாசலில், எதிரிக் கப்பல் வந்து நின்று சுடுகிறது. சுட்டுவிட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பிப் போகிறது. எண்ணெய் எரிந்தது டேங்கில், ஆனால் சேதம் ஏற்பட்டது மக்களின் நம்பிக்கையில்.

மறுநாள் மெட்ராஸில் என்ன ஆனது?

மறுநாளே ஊரைக் காலி செய்யும் படலம் தொடங்கியது. ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. வசதி உள்ளவர்கள் ரயிலில் போனார்கள், மற்றவர்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். கடைகள் அடைக்கப்பட்டன, வியாபாரம் படுத்தது.

'பயப்பட வேண்டாம், எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. ஆனால் முந்தின நாள் இரவு வானம் சிவந்ததைக் கண்ணால் பார்த்தவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. அரசாங்க அறிவிப்பை முந்திக்கொண்டு வதந்தி ஓடியது. எம்டன் திரும்பி வரும், இன்று வரும், நாளை வரும் என்ற பேச்சே எங்கும்.

எம்டன் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தப் பயம் தலைமுறை தாண்டி நின்றது. 28 ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தாக்கப்போகிறது என்ற பேச்சு 1942 ஏப்ரலில் கிளம்பியபோது, மெட்ராஸ் மறுபடியும் பெருமளவில் காலியானது.

ஜெர்மனி எதிர்பார்த்தது நடந்ததா?

பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை.

வணிகம் குலைந்தது, பிரிட்டனின் கௌரவமும் அடி வாங்கியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து படைகளை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் கப்பல்கள் புறப்படுவதே தாமதமானது. எம்டன் போன்ற கப்பல்கள் நடமாடும் கடலில், தகுந்த காவல் இல்லாமல் அவற்றை அனுப்ப முடியவில்லை.

ஆனால் இதைப் பார்த்து இந்தியர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளம்புவார்கள் என்ற எதிர்பார்ப்பு, குறைந்தபட்சம் மெட்ராஸில் பலிக்கவில்லை. குண்டு விழுந்த மூன்றே மாதத்தில், 1914 டிசம்பரில், இதே மெட்ராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அந்தப் பந்தலுக்கே வந்தார். போரில் பிரிட்டனுக்கு விசுவாசமாக இருப்போம் என்று மாநாட்டில் தீர்மானம் போடப்பட்டது.

அதாவது, மக்கள் பயந்தார்கள், ரகசியமாக எம்டனை ரசிக்கவும் செய்தார்கள். ஆனால் எழுச்சி வரவில்லை.

கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரா?

எம்டன் பற்றிப் பேசும்போதெல்லாம் வருகிற பெயர் செண்பகராமன் பிள்ளை. 1891-ல் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே ஐரோப்பா போய், ஜெர்மனியின் உதவியுடன் இந்திய விடுதலைக்கு வேலை செய்தவர். எம்டன் கப்பலில் அவர் அதிகாரியாக இருந்தார், அவர்தான் மெட்ராஸுக்கு வழி காட்டினார் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. இன்றும் வாட்ஸ்அப்பில் அந்தக் கதை சுற்றுகிறது.

தேதிகளை வைத்துப் பார்த்தால் இது பொருந்தவில்லை. எம்டன் 1914 ஆகஸ்ட் முதல் வாரத்தில் சீனாவின் சிங்தாவில் இருந்து கிளம்பி, நடுவில் எந்த ஐரோப்பியத் துறைமுகத்துக்கும் போகாமல் வங்கக் கடலுக்கு வந்தது. செண்பகராமன் பிள்ளை அந்த மாதங்களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார். செப்டம்பரில் அங்கே ஓர் அமைப்பை நடத்திக்கொண்டிருந்தவர், அக்டோபரில் பெர்லினுக்குப் போய் அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களுடன் சேர்ந்தார்.

அவருடைய பங்களிப்புக்கு எம்டன் கதை தேவையே இல்லை. ஜெர்மனி மண்ணில் இருந்து இந்திய விடுதலைக்காக அவர் செய்த வேலைகள் ஆவணங்களில் இருக்கின்றன. பிறகு ஏன் இந்தக் கதை பரவியது? நம் ஊரைத் தாக்கிய கப்பலில் நம்மவர் ஒருவர் இருந்தார், ஊருக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொண்டார் என்று நம்புவதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. தாக்குதலை அன்னியரின் போராக இல்லாமல் நம் போராட்டமாக மாற்றிவிடுகிறது அந்தக் கதை.

அதன் பிறகு எம்டன் என்ன ஆனது?

மெட்ராஸில் இருந்து தெற்கே போன எம்டன், இலங்கையைச் சுற்றி கொழும்பு அருகே மேலும் பல கப்பல்களைப் பிடித்தது. அதில் ஒன்று பிரிட்டிஷ் கடற்படைக்காக நிலக்கரி கொண்டுபோன கப்பல். அந்த நிலக்கரி எம்டனுக்கே எரிபொருளானது.

அக்டோபரில் டியாகோ கார்சியா தீவில் நிறுத்தி கப்பலைச் சுத்தம் செய்தார்கள். போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்தவர்கள் எதிரிக் கப்பலை விருந்தாளியாக வரவேற்றார்கள்.

அக்டோபர் 28-ம் தேதி மலாயாவின் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும், வெளியே வரும்போது ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது.

முடிவு நவம்பர் 9-ம் தேதி வந்தது. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஆட்களை இறக்கினார். நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் 'சந்தேகத்துக்குரிய கப்பல் வந்திருக்கிறது' என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல் கூட்டம் அப்போது அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் உடனே திரும்பியது.

சிட்னி பெரிய கப்பல், பீரங்கிகளும் பெரியவை. சண்டையில் எம்டன் சின்னாபின்னமானது. மூழ்கிவிடாமல் இருக்க, கப்பலைப் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார் முல்லர். 130-க்கும் மேற்பட்ட ஜெர்மன் மாலுமிகள் இறந்தனர். முல்லர் கைதானார். போருக்குப் பின் நாடு திரும்பி 1923-ல் இறந்தார்.

மொத்தத்தில் எம்டன் இந்தியப் பெருங்கடலில் ஓடியது சுமார் இரண்டு மாதம். அதற்குள் 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்திருந்தது.

கப்பல் எப்படிச் சொல்லானது?

கப்பல் அழிந்த பிறகும் பெயர் போகவில்லை. தமிழில் 'எம்டன்' கில்லாடியைக் குறிக்கும் சொல்லானது. காதுக்கு 'எமன்' போலவும் கேட்பதால், பயமும் அதில் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் சிங்களத்திலும் கில்லாடி ஆட்களை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் உண்டு.

பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு எம்டன் ஓர் எதிரிக் கப்பல். மெட்ராஸ் மக்களுக்கு அது வேறு. அவர்களையும் அது ஓட வைத்தது, ஆனால் தங்களை ஆள்பவர்களை அது ஏய்த்துவிட்டுப் போனதையும் அவர்கள் கவனித்தார்கள். பயமும் ரசனையும் கலந்த அந்த நினைப்பு எந்த அரசு அறிக்கையிலும் பதிவாகவில்லை. பேச்சு மொழியில் பதிவானது. 'எம்டன்' என்று திட்டும்போதும் அதில் ஒரு சின்னப் பாராட்டு ஒளிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில், குண்டு விழுந்ததை நினைவுபடுத்தும் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டுள்ளது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் குண்டு ஒன்றின் சிதறலைப் பார்க்கலாம். கலங்கரை விளக்கம் 1977-ல் மெரினாவுக்கு மாறிவிட்டது.

பாரிமுனை பக்கம் தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சுவரைக் கடந்து போகிறார்கள். கல்வெட்டில் கப்பலின் கதைதான் இருக்கிறது. அன்று இரவு இறந்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை.